சட்டிக்கு எதுகையாக வந்த லெட்டி

வெர்னா கிம்பலைத் தெரியாதவர்கள் எங்கள் ஹாரோ மில்ஸ் ஊரில் கிடையாது. பள்ளிப் பேருந்து ஓட்டியவள். ஆள் குட்டை. எதிரே வருகிற வண்டிக்காரனுக்கு ஸ்டியரிங்குக்குப் பின்னால் ஒரு கம்பளித் தொப்பி மட்டும்தான் தெரியும். ஆனால் குரலைக் கேட்டால் இரண்டு ஆள் உயரம் இருப்பாள் என்று நினைப்பீர்கள். நான் அதே பள்ளியில் சமையல்கட்டில் இருந்தேன். காலையில் பிள்ளைகளை இறக்கிவிட்டதும் பின்வாசல் வழியாக வந்து, என் மாவு மூட்டைமேல் உட்கார்ந்து, காப்பி கேட்பாள். கேட்பாள் என்பதுகூட மரியாதைக்குச் சொன்னது. எடுத்துக்கொள்வாள்.

அவள் ஒரு புத்தகம் போட்டாள் என்பதும் ஊருக்குத் தெரியும். அந்தப் புத்தகம் என்ன செய்தது என்பதுதான் பலருக்குத் தெரியாது. தெரிந்தவர்களும் அதைப் பற்றிப் பேசுவதில்லை. எனக்கு அந்த நாசூக்கு எல்லாம் வராது.

அக்டோபர் மாதம் வந்துவிட்டால் பேருந்தில் பிள்ளைகள் பிள்ளைகளாக இருக்க மாட்டார்கள். மாதக் கடைசியில் ஹாலோவீன், பேய்வேஷம் போட்டு வீடு வீடாகக் கதவைத் தட்டி மிட்டாய் வாங்குகிற நாள். யார் என்ன வேஷம், யார் வீட்டில் என்ன மிட்டாய் என்று ஒரே கூச்சல். கத்திப் பார்த்தாள், கெஞ்சிப் பார்த்தாள், ஒன்றும் பலிக்கவில்லை. ஒருநாள் ஏதோ வாய்க்கு வந்த பேய்ப்பாட்டு ஒன்றைச் சொல்லி, கடைசி வார்த்தையை மட்டும் சொல்லாமல் நிறுத்தியிருக்கிறாள். வண்டி முழுக்கச் சத்தம் அடங்கிவிட்டது. பிறகு எல்லாரும் ஒரே குரலில் அந்த வார்த்தையைக் கத்தினார்கள்.

"பசங்க வாயை மூடணும்னா, அந்த வாய்க்கு ஒரு வேலை கொடுக்கணும் டோரீன்," என்றாள் என்னிடம். "மூணு வரி நான் சொல்லுவேன். நாலாவது வரியில கடைசி வார்த்தையை முழுங்கிடுவேன். அது வர்ற வரைக்கும் மூச்சுகூட விட மாட்டாங்க."

"உனக்கு மூச்சு விட நேரம் கிடைக்குதுன்னு சொல்லு."

"அதுக்குத்தான்!"

இப்படித்தான் பேருந்தில் பாட்டுகள் சேர்ந்தன. எனக்கு இன்றும் மனப்பாடமாகத் தெரிகிற ஒன்று:

எலும்புக்கூடு எழுந்து வந்துச்சு,
என் தொப்பி எங்கேன்னு அழுதுச்சு,
ஆந்தை அதைப் பார்த்துச் சிரிச்சுச்சு,
அது மண்டைமேலேதான் இருந்துச்சு!

அவள் கணவன் ஆர்லோ பெயர்ப்பலகை எழுதுகிறவன். இதையெல்லாம் புத்தகமாகப் போடு, நான் படம் போடுகிறேன் என்றான். பக்கத்து ஊரில் காலண்டர் அடிக்கிற அச்சுக்கூடம் ஒன்று இருந்தது. குட்டிப் பேய் ஒன்று வீடு வீடாகப் போய் மிட்டாய் கேட்கிறது, ஒவ்வொரு வீட்டிலும் யாராவது கதவைத் திறந்து பயமுறுத்துகிறார்கள். இவ்வளவுதான் கதை. எல்லா வீடும் சரியாக வந்துவிட்டது. கடைசி வீடுதான் வரவில்லை. அங்கே ஒரு சூனியக்காரி இருக்கவேண்டும். சட்டி, குட்டி, தட்டி என்று மூன்று வரி தயார். அவளுக்குப் பெயர் கிடைக்கவில்லை.

மாதாகோவிலில் சனிக்கிழமை பீன்ஸ் விருந்து. வெர்னா தட்டில் இருப்பதைத் தின்னாமல் முணுமுணுத்துக்கொண்டிருந்தாள். அப்போதுதான் லெட்டி ஃபெர்ரிஸ் பீன்ஸ் சட்டியைத் தூக்கிக்கொண்டு எங்கள் மேஜைக்கு வந்தாள்.

லெட்டி அஞ்சலகத்தில் தபால்தலை விற்றவள். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஸ்ப்ரூஸ் தெரு முனையில் நீலக் கதவு போட்ட வீடு, வாசல் தாழ்வாரத்துத் தூண்களில் ஒன்று குடித்தவன்போலச் சாய்ந்து நிற்கும். ஹாலோவீன் அன்று ஊரிலேயே அதிகக் கூட்டம் அவள் வாசலில்தான். ஆப்பிள் சாறு ஊற்றிப் பிசைந்து, சுடச்சுட டோனட் பொரித்துத் தருவாள். பிள்ளைகள் ஒருமுறை வாங்கிக்கொண்டு போய், முகமூடியை மாற்றிக்கொண்டு மறுபடி வருவார்கள். அவளுக்குத் தெரியும். தெரியாததுபோல, "அடடே, நீ யாரு புதுசா?" என்பாள்.

வெர்னா அவளையும் சட்டியையும் மாறி மாறிப் பார்த்தாள். கரண்டியைக் கீழே போட்டாள்.

"லெட்டி! சட்டி! லெட்டி, உன் பேரை நான் எடுத்துக்கட்டுமா?"

"எதுக்குடி?"

"என் சூனியக்காரிக்கு."

லெட்டி சிரித்த சிரிப்பில் பீன்ஸ் மேஜைவிரிப்பில் கொட்டியது. "எடுத்துக்கோ, எடுத்துக்கோ. கல்யாணமும் இல்லே, குழந்தையும் இல்லே. என் பேராவது நாலு வாயில ஓடட்டும்!"

ஓடியது.

கொதிக்குது அடுப்பில் சட்டி,
குதிக்குது உள்ளே தவளைக்குட்டி,
போகாதே நீ கதவைத் தட்டி,
பிடிச்சுப் போடுவா லெட்டி!

ஆர்லோவுக்குக் கற்பனை கொஞ்சம் கம்மி. சூனியக்காரி வீட்டை எப்படிப் போடுவது என்று யோசித்துவிட்டு, ஸ்ப்ரூஸ் தெருவில் போய் நின்று, லெட்டி வீட்டையே போட்டுவிட்டான். நீலக் கதவு, சாய்ந்த தூண், எல்லாம் அச்சு அசல். "மூக்கை மட்டும்தான் கொஞ்சம் இழுத்துவிட்டேன்," என்று சொல்லிக்கொண்டான். பெரிய ஓவியன்!

முதல் வருஷங்களில் அது திருவிழாவாகவே நடந்தது. லெட்டி கூம்புத் தொப்பி வைத்துக்கொண்டு, வாசலில் சட்டி வைத்து, டோனட்டை அதற்குள் இருந்து எடுத்துக் கொடுத்தாள். பிள்ளைகள் கத்திக்கொண்டு ஓடுவார்கள், சிரித்துக்கொண்டு திரும்புவார்கள். அவர்களுக்கு அவள் யார் என்று தெரியும். தபால்தலை ஒட்டுகையில் நாக்கை நீட்டு என்று சொல்கிற லெட்டி. வெர்னாவின் வண்டி ஸ்ப்ரூஸ் தெரு முனையைத் தாண்டும்போது பிள்ளைகள் அந்தப் பாட்டைப் பாடுவார்கள். நாலாவது வரியில் வெர்னா ஹார்ன் அடிப்பாள். ஹார்ன் முடிந்ததும் எல்லாரும், "லெட்டி!" தோட்டத்தில் இலை கூட்டிக்கொண்டிருக்கிற லெட்டி துடைப்பத்தைத் தூக்கி ஆட்டுவாள். வெர்னாவுக்குத் தலைகால் புரியாத பெருமை.

அந்தப் பிள்ளைகள் வளர்ந்து போனார்கள். லெட்டி வேலையிலிருந்து ஓய்வு பெற்றாள். அடுத்து வந்த குஞ்சுகளுக்குத் தபால்தலை லெட்டியைத் தெரியாது. நூலகத்தில் அக்டோபர் வந்ததும் படித்துக் காட்டுகிற புத்தகத்து லெட்டியைத்தான் தெரியும். அந்த நீலக் கதவும் சாய்ந்த தூணும் நிஜமாகவே தெருமுனையில் நிற்கின்றன என்பதையும் அவர்கள் கண்ணால் பார்த்தார்கள். நாலு வயதுப் பிள்ளை என்ன நினைக்கும்? நீங்களே சொல்லுங்கள்.

எனக்கு முதலில் தெரிந்ததற்குக் காரணம் டோனட். ஹாலோவீனுக்கு மறுநாள் லெட்டி ஒரு பெட்டியைக் கொண்டுவந்து என் சமையல்கட்டு மேஜையில் வைத்தாள். "கொஞ்சம் மிஞ்சிப்போச்சு டோரீன். பசங்களுக்கு மத்தியானம் கொடுத்துடு." அடுத்த வருஷமும் மிஞ்சியது. அதற்கடுத்த வருஷம், வீட்டில் செய்ததைத் தாய்மார்கள் வாங்கவிடுவதில்லை என்று யாரோ சொல்ல, கடை மிட்டாய் வாங்கி வைத்திருந்தாள். பையைப் பிரிக்கவே இல்லை, அப்படியே கொண்டுவந்தாள். அன்றைக்கு எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வெர்னா காப்பிக்கு வந்தபோது பையை அவள் மடியில் போட்டேன்.

"என்னடி இது?"

"உன் பாட்டோட வேலை. லெட்டி வீட்டுக்கு ஒரு குழந்தைகூடப் போகலே."

"நேத்து மழைடி. குளிர் வேற."

"மழை வருஷா வருஷம் ஸ்ப்ரூஸ் தெரு முனையில மட்டும் பெய்யுதா? கண்ணைத் திறந்து பாரு. அங்கே நீதானே ஹார்ன் அடிக்கறே!"

காப்பியைக் குடிக்காமல் போய்விட்டாள். அதற்கப்புறம் அந்த முனையில் ஹார்ன் அடிக்கவில்லை. ஆனால் பிள்ளைகள் சும்மா இருப்பார்களா? "வெர்னா, ஹார்ன்! வெர்னா, ஹார்ன்!" என்று கேட்டு, கடைசியில் அவர்களே 'பாம்ம்' என்று கத்திக்கொண்டார்கள்.

மறு வருஷம் ஹாலோவீன் சாயங்காலம் வெர்னா தானே போய் லெட்டியின் வாசலில் உட்கார்ந்தாள். வாசல் விளக்கு எரிந்தால் வரலாம், அணைந்திருந்தால் போய்விடவேண்டும். எங்கள் ஊரில் ஹாலோவீனுக்கு இருக்கிற சட்டம் இது ஒன்றுதான். அதை ஊர்ப் பிள்ளைகளுக்கெல்லாம் சொல்லிக்கொடுத்தவளே வெர்னாதான். வருஷா வருஷம் வண்டியை நிறுத்தி, எழுந்து நின்று, "விளக்கு இல்லாத வீட்டை?" என்று கேட்டு நிறுத்துவாள். "தட்டக் கூடாது!" என்று வண்டியே அதிரும்.

லெட்டியின் விளக்கு பளிச்சென்று எரிந்தது. எதிர்ச்சாரியில் பேய்களும் கடற்கொள்ளையர்களும் வரிசையாகப் போனார்கள். இந்தப் பக்கம் யாரும் வரவில்லை. வெளிச்சம் மங்குகிற நேரத்தில் தேனீ வேஷம் போட்ட ஒரு குட்டிப் பெண் தன்பாட்டுக்குத் தெருவைத் தாண்டி, கேட்டைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்துவிட்டாள். லெட்டி மிட்டாய்த் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்தாள். அப்போது தெருவிலிருந்து அந்தக் குழந்தையின் அக்கா கத்தினாள்: "போகாதே நீ கதவைத் தட்டி!" தேனீ அப்படியே நின்றது. நீலக் கதவைப் பார்த்தது. அடுத்த வரியை அதுவே மெல்ல முணுமுணுத்தது. பிறகு வீறிட்டுக்கொண்டு ஓடியது, சிறகு கேட்டில் மாட்டிக் கிழிந்தது.

லெட்டி தட்டைக் கீழே வைத்தாள். வெர்னாவைத் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவள் சொன்னது வேறு.

"நல்லாத்தான் எழுதியிருக்கே வெர்னா. ஒரு தடவை கேட்டா மறக்கவே மாட்டேங்குது."

இதை என்னிடம் சொல்லும்போது வெர்னா அழுதாள். நான் ஆறுதல் சொல்லவில்லை. அழட்டும் என்று இருந்தேன்.

அந்தக் குளிர்காலம் முழுக்க என் மாவு மூட்டைமேல் உட்கார்ந்து புதுப் பாட்டு கட்டினாள். அதே சட்டி, அதே லெட்டி, ஆனால் பயம் மட்டும் இருக்கக்கூடாது. இனிப்பை வைத்தால் பாட்டு சப்பென்று போனது. அன்பை வைத்தால் ஞாயிற்றுக்கிழமை பிரசங்கம்போல ஆனது. "பயமுறுத்தற வரி தானா வந்துச்சு டோரீன். இது வரமாட்டேங்குதே," என்று தலையில் அடித்துக்கொள்வாள். ஆர்லோவை அனுப்பி நீலக் கதவுக்குச் சிவப்பு அடித்துத் தருகிறேன் என்றாள். லெட்டி விடவில்லை. "கதவு என்னடி பாவம் பண்ணிச்சு?" என்றாளாம்.

ஒருவழியாக ஒரு பாட்டு வந்தது. அக்டோபரில், ஹாலோவீனுக்கு முந்தின சனிக்கிழமை, நூலகத்தில் படிப்பது என்று ஏற்பாடு. லெட்டியை அழைத்து முன்வரிசையில் உட்காரவைத்தாள். லெட்டி நல்ல கோட்டைப் போட்டுக்கொண்டு, உதட்டுக்குச் சாயம்கூடப் பூசியிருந்தாள். வெர்னா புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் புது வரிகளை ஒட்டிவைத்திருந்தாள்.

கொதிக்குது அடுப்பில் சட்டி,
குதிக்குது டோனட் குட்டிக் குட்டி,
போய்ப் பாரேன் கதவைத் தட்டி,
பிடிச்சு ஊட்டுவா…

பழக்கதோஷம். கடைசி வார்த்தையை விழுங்கி நிறுத்தினாள். நிறுத்தியிருக்கக்கூடாது. அறை முழுக்க, பிள்ளைகள் மட்டுமல்ல, பின்னால் நின்ற தாய்மாரும் சேர்ந்துகொண்டு, "பிடிச்சுப் போடுவா லெட்டி!" என்று பழைய வரியையே கத்தினார்கள். அந்தத் தாய்களில் பாதிப்பேர் அதே பேருந்தில் பாடினவர்கள். வெர்னா மறுபடி படித்தாள். இன்னும் பலமாகக் கத்தினார்கள். விளையாட்டு என்று நினைத்துவிட்டார்கள்.

"இல்லே, இல்லே, கண்ணுங்களா, கேளுங்க. இதோ, இவங்கதான் லெட்டி!" என்று வெர்னா அவசரமாகக் கையைக் காட்டினாள்.

முன்னால் தரையில் உட்கார்ந்திருந்த பொடிசு ஒன்று திரும்பிப் பார்த்தது. உதடு பிதுங்கியது. அலறிக்கொண்டு தாயின் காலைக் கட்டிக்கொண்டது. லெட்டி எழுந்தாள். "எனக்குத் தலைவலி. நீ படிம்மா," என்று வெர்னாவிடம் சிரித்தபடியே சொல்லிவிட்டுப் பின்வாசல் வழியாகப் போய்விட்டாள்.

வெர்னா புத்தகத்தை மூடினாள். அப்புறம் பாட்டு இல்லாமல் பேசினாள். பீன்ஸ் விருந்தையும், தபால்தலையையும், முகமூடி மாற்றிக்கொண்டு இரண்டாம் முறை வருகிற திருடர்களையும், துடைப்பத்தைத் தூக்கி ஆட்டுவதையும் சொன்னாள். எதுகையும் இல்லை, நிறுத்தமும் இல்லை. நானும் இருந்தேன். ஒரு பிள்ளைகூட அசையவில்லை. கடைசியில், "ஹாலோவீன் அன்னைக்கு என்கூட லெட்டி வீட்டுக்கு வருவீங்களா?" என்று கேட்டாள். ஒரு பெண் கைதூக்கினாள். பிறகு இன்னொன்று, இன்னொன்று. தாய்மார்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள்.

வெளியே வந்ததும் நான் சொன்னேன், "நேரா லெட்டிகிட்ட போயிச் சொல்லிடு. பசங்க வர்றாங்கன்னு."

"வேணாம்டி."

"ஏன் வேணாம்? பாவம், மனசு ஒடிஞ்சு போயிருக்கா."

"முன்னாடியே சொன்னா என்ன சுவாரசியம்? அவ கதவைத் திறக்கணும், பார்த்தா வாசல் நிறையப் பசங்க நிக்கணும். கடைசி வார்த்தையை யாராவது முதல்லயே சொல்லுவாங்களா டோரீன்?"

இருபது வருஷம் பாட்டுக் கட்டினால் மூளை அப்படித்தான் ஆகிவிடும் போலிருக்கிறது. நானாவது போய்ச் சொல்லியிருக்கலாமே என்று கேட்பீர்கள். வெர்னா சத்தியம் வாங்கிக்கொண்டாள்.

ஹாலோவீன் வந்தது. வெர்னா முன்னால் நடக்க, பின்னால் பேய், பூனை, தேவதை, தீயணைப்புக்காரன் என்று ஒரு ஊர்வலமே ஸ்ப்ரூஸ் தெருவுக்குப் போனது. பழைய பாட்டைப் பாடக்கூடாது என்று எல்லாரிடமும் உறுதி வாங்கியிருந்தாள். குசுகுசுவென்று பேசிக்கொண்டும், சிரிப்பை அடக்கிக்கொண்டும் கேட்டுக்கு முன்னால் வந்து நின்றார்கள்.

லெட்டி வீட்டு வாசல் விளக்கு எரியவில்லை.

அத்தனை வருஷத்தில் முதல் தடவையாக. ஜன்னல்களும் இருட்டு. வெர்னா கேட்டின் கொக்கியில் கை வைத்தாள். தீயணைப்புக்காரன் அவள் கோட்டைப் பிடித்து இழுத்தான்.

"வெர்னா, விளக்கு இல்லே."

"ஆமாம்டா, ஆனா…"

"விளக்கு இல்லாத வீட்டைத் தட்டக் கூடாது," என்று ஒருத்தி சொன்னாள். மற்றவர்களும் ஆமாம் ஆமாம் என்றார்கள். அவள் சொல்லிக்கொடுத்த பாடம். ஒருவரும் மறக்கவில்லை.

வெர்னா அங்கேயே நின்றாள். லெட்டி ஊரில் இல்லையோ, தூங்கிவிட்டாளோ, தன்னைப் பார்க்கவே பிடிக்கவில்லையோ என்று என்னென்னவோ ஓடியதாம். தான் மட்டும் தனியாகப் போய்த் தட்டினால் என்ன என்றும் தோன்றியதாம். அந்த நேரம் பார்த்து அவள் வாயிலேயே அந்த வரி வந்து நின்றது, 'போகாதே நீ கதவைத் தட்டி.' கொக்கியை விட்டாள். பிள்ளைகளைத் திருப்பி அழைத்துக்கொண்டு போனாள்.

மறுநாள் காலை லெட்டி என் சமையல்கட்டுக்கு வந்தாள். கையில் பெட்டி. திறந்து பார்த்தேன், டோனட். அந்த வருஷம் மறுபடி பொரித்திருக்கிறாள்.

"பொரிச்சுட்டுத்தான் யோசிச்சேன் டோரீன். பாவம் குழந்தைங்க, நூலகத்துல அந்தப் பொடிசு எப்படி நடுங்கிச்சு! இனிமே விளக்கைப் போட்டு எதுக்குப் பயமுறுத்தணும்? பின்கட்டுல இருட்டுல உக்காந்துட்டேன். சாயங்காலம் கேட்டுகிட்ட ஒரே காலடிச் சத்தம். நிறையப் பேர். இன்னைக்குக் கும்பலா வந்து பாடப்போறாங்கன்னு காதைப் பொத்திக்கிட்டேன்."

"லெட்டி, அவங்க பாட வரலே! உன்னைப் பார்க்கத்தான் வந்தாங்க. டோனட் சாப்பிட வந்தாங்க. வெர்னா கூட்டிட்டு வந்தா."

அவள் என்னையே பார்த்தாள். பெட்டியின் மூடியை மெதுவாக மூடினாள்.

"யாரும் தட்டலியே," என்றாள்.

வெர்னா அன்றே அவள் வீட்டுக்கு ஓடினாள், மன்னிப்புக் கேட்டாள். லெட்டி காப்பி போட்டுக் கொடுத்து, "விடுடி, அடுத்த வருஷம் விளக்கைப் போடறேன், கூட்டிட்டு வா," என்றாளாம். அந்த ஜனவரியில் பனியில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்தது. அண்ணன் மகன் வந்து அரிசோனாவுக்குக் கூட்டிக்கொண்டு போனான். இலையுதிர்காலம் வருவதற்குள் அங்கேயே போய்ச் சேர்ந்தாள்.

வெர்னா நூலகத்திலிருந்தும் பள்ளியிலிருந்தும் தன் புத்தகங்களைத் திரும்ப வாங்கிக்கொண்டாள். அதற்கப்புறம் ஒரு வரிகூட எழுதவில்லை. இப்போது வண்டியும் ஓட்டுவதில்லை. அவளோடு பேசுகிறவர்களுக்கு ஒரு விஷயம் விநோதமாக இருக்கும்: போனை எடுத்ததும் முதல் வாக்கியத்திலேயே எல்லாவற்றையும் கொட்டிவிடுவாள். யாருக்கு உடம்பு சரியில்லை, யார் செத்தார்கள், இவள் எத்தனை மணிக்கு வருகிறாள், எல்லாம். யாரையும் காக்க வைப்பதில்லை.

நான் ஒரு அக்டோபர் மத்தியானம் அவள் வீட்டுக்குப் போயிருந்தேன். ஸ்ப்ரூஸ் தெருவுக்கு அடுத்த தெரு. பேருந்து வரும் நேரம். லெட்டி வீட்டை வாங்கினவர்கள் கதவுக்குச் சாம்பல் நிறம் அடித்து, தூணையும் நிமிர்த்திவிட்டார்கள். புத்தகம் எங்கேயும் கிடையாது. இருந்தும் தூரத்தில் பிள்ளைகள் பாடுகிற சத்தம் கேட்டது. முனையில் வண்டி திரும்பியது. புது டிரைவர் ஹார்ன் அடித்தான். ஏன் அடிக்கிறோம் என்று அவனுக்கே தெரியாது, பிள்ளைகள் கேட்கிறார்கள் என்று அடிக்கிறான்.

வெர்னா கையில் காப்பியோடு நின்றுவிட்டாள். ஹார்ன் முடிந்து, அந்த வார்த்தை வருவதற்குள், அவளே தனக்குள் மெல்லச் சொன்னாள்.

"லெட்டி."